லயக் காம்பிராவும் கூட்டுக் குடும்பமும்

பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் முதிய பெற்றோர், மணமான மகன், மணமாகா மகள் ஆகியோர் ஒரே லயக் காம்பிராவில் வாழ்வதைக் கூட்டுக் குடும்ப மரபின் எச்சமெனக் கொள்வாருளர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. கூட்டுக் குடும்பத்தின் அடித்தளம் பொதுச் சொத்து. லயமோ, கோப்பிக் காலந்தொட்டு, உழைப்பைப் பிணைத்துவைக்கவென எழுந்த தோட்டத்தின் உடைமை. மகன் மணமுடிக்கையில் புதுவீடு தோன்றுவதில்லை. இஸ்தோப்பு அடைக்கப்பட்டு அறையாகிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களும் 1992 இன் தனியார்மயமும் முகாமையை மாற்றினவேயன்றிக் குடியிருப்போரை உரிமையாளராக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. எச்சரிக்கைகள் முன்னரே விடுக்கப்பட்டிருந்தன. தமக்கெனக் காணியற்றோர் எங்கே பெயர்வர்? எனவே, தலைமுறைகள் ஓரறையில் ஒடுங்குவது பண்பாட்டின் விளைவன்று. உடைமை உறவின் விளைவே.