பாலைநில உயிர்களுக்கான கதிர்வீச்சு இடர் மதிப்பீடு

மண்ணிலும் காற்றிலும் கலந்துள்ள கதிரியக்கப் பொருள்களால் வறண்ட நிலத்து விலங்குகளுக்கும் செடிகொடிகளுக்கும் எவ்வளவு கதிர்வீச்சு சேர்கிறது, அது அவற்றின் ஆயுளையும் இனப்பெருக்கத்தையும் பாதிக்குமா என்று கணக்கிடும் முறை. அணுகுண்டுச் சோதனை நிலங்களும் யுரேனியச் சுரங்கங்களும் தோரியம் கலந்த மணல்மேடுகளும் இதன் களங்கள். இந்தியாவில் தார்ப் பாலையின் பொக்ரான் இதற்கு முதல் எடுத்துக்காட்டு. மழையளவால் பாலை என்று சொல்ல முடியாவிட்டாலும், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் செம்மணல் தேரிகளையும் இதில் சேர்க்க வேண்டும்.

மனிதரைக் காத்தால் மற்ற உயிர்களும் தாமே காக்கப்படும் என்பதே நெடுங்காலம் கதிர்வீச்சுப் பாதுகாப்பின் அடிப்படையாக இருந்தது. ஆளரவமற்ற பாலையில் அது செல்லாது. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் தன் 108-ஆம் வெளியீட்டில் 12 மாதிரி உயிர்களை முன்வைத்தது. மான், எலி, வாத்து, பைன் மரம் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 0.1 முதல் 1 மில்லிகிரே வரையிலான அளவை எட்டினால் நிலைமையைக் கூர்ந்து ஆராய வேண்டும். புல்லுக்கு இது 1 முதல் 10. தேனீக்கும் மண்புழுவுக்கும் 10 முதல் 100. ஐரோப்பாவில் உருவான எரிகா என்ற கணக்கீட்டு முறை, மேலும் ஆராயத் தேவையா என்று பிரித்தறியும் முதல் சலிப்புக்கு மணிக்கு 10 மைக்ரோகிரே என்ற அளவைக் கொள்கிறது. ஆணையத்தின் பன்னிரண்டு மாதிரி உயிர்களில் தவளை உண்டு, நன்னீர் மீன் உண்டு, கடற்பாசியும் உண்டு. பல்லியோ பாம்போ இல்லை. ஈரப்பதமான நிலங்களின் உயிர்களை வைத்து வகுத்த அளவுகோலைப் பாலைக்கு அப்படியே எடுத்துச் செல்வதுதான் இத்துறையின் பெரிய குறை.

பாலையில் மழை குறைவு என்பதால் மேலே படிந்த பொருள் எளிதில் கீழே கரைந்து இறங்காது. காற்று அதைத் தூசியாகக் கிளப்பி இலையிலும் ரோமத்திலும் மூச்சுக்குழாயிலும் சேர்க்கும். விலங்குகளோ வெயிலுக்கு அஞ்சி வளைக்குள் வாழ்பவை. தாரின் முள்வால் பல்லியான சாண்டா, வளைக்குள் புகுந்ததும் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். குளிர்காலம் முழுவதும் உள்ளேயே கிடக்கும். தரைமேல் நிற்கும் மானுக்குக் கதிர் கீழிருந்து வருகிறது. சாண்டாவுக்கு எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, அடைபட்ட வளையில் ரேடான் வாயுவும் தேங்குகிறது.

நெடுநாள் கதிர்வீச்சு பல்லியை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் நெவாடா பாலையில் சான்று உண்டு. அங்கே ராக் வேலியில் 1960-களில் வேலியிட்ட நிலமொன்றின் நடுவே, கோபுரத்தின் மேல் சீசியம்-137 மூலத்தை வைத்து ஆண்டுக்கணக்கில் கதிர்வீச்சுக்கு உள்ளாக்கினர். பெண் சிறுத்தைப் பல்லிகளின் சூலகம் சுருங்கி அவை மலடாயின. வளர்ந்த பல்லிகளின் தலையை மட்டும் எண்ணியிருந்தால் இது உடனே தெரிந்திருக்காது. இனப்பெருக்கத்தைப் பார்க்காத மதிப்பீடு எதையும் நம்புவதற்கில்லை.

பொக்ரானில் 18 மே 1974 அன்றும், 1998 மே 11, 13 ஆகிய நாள்களிலும் நிலத்தடிச் சோதனைகள் நடந்தன. 1974-இல் சாதனம் 107 மீட்டர் ஆழத்தில் வைக்கப்பட்டது. இத்தகைய வெடிப்பில் பிளவுப் பொருள்களின் பெரும்பகுதி உருகி இறுகிய பாறையில் சிக்கிக்கொள்ளும். கசியும் வாயுவும் நிலத்தடி நீருமே கவனிக்க வேண்டிய வழிகள். ஆஸ்திரேலியாவின் மராலிங்காவில் நடந்தது வேறு. அங்கே 1960-63 சோதனைகளில் சுமார் 22 கிலோ புளூட்டோனியம் தரைமேலேயே சிதறியது. 1990-களின் பிற்பகுதியில் மேல்மண்ணைச் சுரண்டிக் குழிகளில் புதைத்தார்கள். துப்புரவு செய்யும்போது மண்ணோடு செடியும் வளையும் போகும் என்பதையும் இடர்க்கணக்கில் எழுதியாக வேண்டும்.

தாரின் வன்னி மரம் ஆழத்து நீரை உறிஞ்சுவது. சேவண் புல் மேல்மண்ணை நம்புவது. ஒரே நிலத்தில் இரண்டும் ஒரே அளவு கதிரியக்கத்தை ஏற்கா. ஏறத்தாழ 150 மட்டுமே எஞ்சியுள்ள கானமயில் பெரும்பாலும் ஒரு முட்டைதான் இடும். அதன் விஷயத்தில் கூட்டத்தின் சராசரியைப் பார்த்து அமைதி கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பறவையும் கணக்கு. இன்று அதை அதிகம் கொல்வது மின்கம்பிகள்தான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தேரிக்காட்டின் கதை மனிதர் கையால் வந்ததல்ல. இல்மனைட், கார்னெட், சிர்க்கான் ஆகியவற்றோடு தோரியம் கொண்ட மோனசைட்டும் இம்மணலில் உண்டு. தோரியத்திலிருந்து பிறக்கும் தோரான் வாயுவின் அரைவாழ்வு 56 விநாடிதான். வீட்டு அறையில் சுவரைவிட்டு நகர்வதற்குள் அதில் பெரும்பங்கு சிதைந்துவிடும். வளைச்சுவரை ஒட்டி மூச்சுவிடும் எலிக்கு அந்தக் காப்பு இல்லை. தேரியில் வளரும் பனையிலும் பார்க்க வேண்டியது உண்டு. நெடிது வளர்ந்த பனையின் ஒரே குருத்து மணலுக்கு வெகு உயரத்தில் இருக்கிறது. ஆனால் பனங்கொட்டை முளைக்கும்போது முளை மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகிறது. வடலியாகும் வரை வளர்முனை மணலுக்குள்ளேயே கிடக்கிறது. மரம் எளிதில் பாதிக்கப்படும் பருவம் அதுவே.

கேரளக் கடற்கரையின் மோனசைட் பகுதியில் மனிதருக்கு ஆண்டுக்கு 45 மில்லிகிரே வரை பதிவாகியுள்ளது. அதாவது மணிக்குச் சுமார் 5 மைக்ரோகிரே. இது எரிகாவின் முதல் சலிப்பளவில் ஏறத்தாழ பாதி. ஆனால் இது வெளியிலிருந்து வரும் கதிர் மட்டுமே. உடலுக்குள் சேரும் ஆல்ஃபாக் கதிரை எடைபோட்டுச் சேர்த்தால் கணக்கு மாறும். அங்கே மரபியலறிஞர் ஹான்ஸ் குரூனெபெர்க் குழுவினர் 1960-களில் எலிகளைப் பிடித்து எலும்புகளையும் பற்களையும் பிற பகுதி எலிகளோடு ஒப்பிட்டனர். கதிர்வீச்சால் விளைந்தது என்று சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. ஆறுதலான முடிவுதான். ஆயினும் நலிந்த குட்டிகள் வளரும் முன்பே மடிந்தால் அவை பொறியில் சிக்கா.

களத்தில் முக்கியமான அளவு செறிவு விகிதம்: உயிரின் ஈர எடையில் உள்ள கதிரியக்கத்தை மண்ணின் உலர் எடையில் உள்ளதால் வகுத்த எண். தூசி மிகுந்த நிலத்தில் இலையைக் கழுவியும் கழுவாமலும் தனித்தனியே அளக்க வேண்டும். கழுவிய இலையின் எண் செடி உறிஞ்சியதைக் காட்டும்; கழுவாத இலையின் எண் ஆட்டுக்கும் மானுக்கும் உரியது, ஏனெனில் அவை தூசியோடுதான் மேய்கின்றன.