திருகுமரையின் வரலாறும் அடி மூடிய துளையும்

மரக்காணத்து உப்பளங்களை அடுத்த அனுமந்தை முதலிய ஊர்களில் வாழும் நம் சங்கத்தார்க்கு இரும்பின் நிலையாமையைக் கற்பிக்க வேறோர் ஆசிரியன் வேண்டுவதில்லை. கடற்காற்றிற் கலந்த உப்பு, கதவின் கீலையும் படகின் ஆணியையும் துருவாக்கி உதிர்த்துவிடும். ஆகவே, துருவேறா எஃகு என்று நூலோராலும், எவர்சில்வர் என்று நம் இல்லத்துப் பெண்டிராலும் வழங்கப்பெறும் உலோகத்தின் அருமை இக்கரையார்க்கு நன்கு விளங்கும். அவ்வுலோகத்தில் திருகாணி புகுதற்குரிய மரையை வெட்டுதல் எங்ஙனம் கைகூடிற்று என்பதை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். பட்டறைத் தொழிலை இழிவெனக் கருதித் தம் மக்களை அதனின்று விலக்கும் பெற்றோர் நம்முள் இன்னும் சிலர் உளராதலின், இவ்வரலாறு அவர்க்குப் பயன்படும் என்பது எம் துணிபு.

மரையாவது, உருளையின்மேல் நூலைச் சாய்வாகச் சுற்றினாற்போல் ஏறிச்செல்லும் வரிப்பள்ளமாம். ஒரு சுற்றுக்கு அஃது ஏறும் அளவைப் புரியிடை என்பர். தட்டார் தோட்டிற்கு அமைக்கும் திருகிலும் இதனைக் காணலாம். ஒருவர் கையாற் செய்த திருகு மற்றொருவர் செய்த தோட்டிற்குப் பொருந்தாமையை நம் மகளிர் அறிவர். மேனாட்டிலும் நெடுங்காலம் இந்நிலையே இருந்தது. பட்டறைதோறும் அளவு வேறுபட்டது. 1800-ஆம் ஆண்டை ஒட்டி, இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்னும் கம்மியர் மரை வெட்டும் லேத்தைத் திருத்தமுற அமைத்தார். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், பல இடத்துத் திருகாணிகளைத் திரட்டி ஒப்பிட்டு, 55 பாகைக் கோணமுடைய பொது மரையை 1841-இல் முன்மொழிந்தார். அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகையே தக்கதென்றார். இரண்டாம் உலகப்போரில் இருநாட்டுத் திருகாணிகளும் ஒன்றற்கொன்று பொருந்தாது இடர் விளைந்தமையின், 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கானடா ஆகிய மூன்றும் ஒரே மரைக்கு உடன்பட்டன. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்திற்குப்பின் மெட்ரிக் அளவு வேரூன்றிற்று.

இனி உலோகத்தின் வரலாறு. 1913-இல் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழலின் தேய்மானத்தை ஆராய்ந்த ஹாரி பிரியர்லி, குரோமியம் கலந்த எஃகு துருப்பிடியாமையைக் கண்டார். நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் இருப்பின், கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலம் உலோகத்தைக் காக்கும். கடற்கரைக்கோ, மாலிப்டினமும் இரண்டு மூன்று பங்கு சேர்ந்த 316 என்னும் வகையே ஏற்றது. எனினும், கம்மியர்க்கு இவ்வுலோகம் எளிதில் அடங்குவதன்று. வெட்ட வெட்ட இறுகும். வெப்பத்தை விரைந்து கடத்தாது கருவியின் முனையிலேயே தேக்கும். இதன் சீவல் நார்போல் நீண்டு கருவியைச் சுற்றிக்கொள்ளும்.

ஊடுருவிய துளையாயின் சீவல் கீழே விழ வழியுண்டு. அடி மூடிய துளையில் அவ்வழியில்லை. மரை வெட்டும் டேப்பைச் செலுத்துங்கால், சீவல் அடியிற் செறிந்து, டேப் துளைக்குள்ளேயே முறிதல் உண்டு. முறிந்த துண்டு மிக்க வன்மையுடையதாதலின் துரப்பணமும் அதில் ஏறாது. பல நாள் உழைப்பில் உருவான உறுப்பொன்று இறுதித் துளையில் பாழாவதினும் கொடியது பட்டறையில் வேறுண்டோ?

இதற்குத் தீர்வு எண்ணிலிருந்து பிறந்தது. ஜான் பார்சன்ஸ் என்பாரின் கருத்தைத் தழுவி, துளையிட்ட நாடாவிலுள்ள எண்களால் இயங்கும் இயந்திரத்தை மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தார் 1952-இல் இயக்கிக் காட்டினர். பின்னர் நாடாவின் இடத்தைக் கணிப்பொறி பற்ற, அது சி.என்.சி. எனப் பெயர் பெற்றது. மூன்று திசையிலும் ஒருங்கே நகரவல்ல இவ்வியந்திரத்தில், துளையினும் மெல்லிய மரை மில்லிங் கருவி, பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஞாயிற்றையும் வலம்வருதல்போலத் தானும் சுழன்று துளைச்சுவரையும் சுற்றிவரும். 10 மில்லிமீட்டர்த் திருகாணிக்கு 8.5 மில்லிமீட்டர்த் துளையிட்டு, கருவியை அடிவரை இறக்கி, ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏறச்செய்தால் மரை அமையும். சீவல் குறுந்துணுக்காக உதிர, குளிர்நீர் அதனை வெளியே தள்ளும். கருவி முறியினும் துளையிற் சிக்காமையின் பொருள் பிழைக்கும். டேப்பினும் இது காலம் மிகக்கொள்ளும் என்பதும், ஆழத்தில் கருவி வளைந்து மரை குறுகாதபடி இரண்டு மூன்று முறையாக வெட்டி அளவுகோலிட்டுச் சோதித்தல் வேண்டுமென்பதும் மறக்கற்பாலனவல்ல.

நம் மாநிலத்திலும் துருவேறா எஃகு பெருகிவிட்டது. சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கமுதல் அதன் தகடுகளை உருட்டி வருகின்றது. 1955-இல் திறக்கப்பெற்ற பெரம்பூர் இரயிற்பெட்டித் தொழிற்சாலை, 2018-இல் பழைய இரும்புப் பெட்டிகளை விடுத்துத் துருவேறா எஃகுப் பெட்டிகளுக்கே மாறிற்று.

அன்பர்காள்! இயந்திரம் எண்ணுக்குப் பணியும். எண்ணின் பிழையை அது தானே உணராது. விட்டத்தை இடவேண்டிய இடத்தில் ஆரத்தை இட்டால், அப்பிழையையும் அணுவளவும் வழுவாது செய்துமுடிக்கும். ஆதலின் எண் கொடுப்பவர் கணக்கும் அறிதல் வேண்டும், உலோகத்தின் குணமும் அறிதல் வேண்டும். பொத்தானை அழுத்தக் கற்றவர் கூலியாளாவர். இவ்விரண்டும் கற்றவரே கம்மியராவர். நம் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சி நிலையத்திற்கு விடுக்குங்கால், வேறு வழியின்றி விடுக்கின்றோம் என்னும் எண்ணத்தை ஒழித்து, ஆணும் பெண்ணுமாக மனமுவந்து விடுப்போமாக.