பட்டதாரிப் பெண்களும் ஊர்த்தொண்டும்: டி. எஸ். சௌந்தரமும் காந்திகிராமத்தின் தோற்றமும்

காந்திகிராமம் என்பது மதுரை–திண்டுக்கல் சாலையில், சின்னாளப்பட்டிக்கு அருகே 1947 அக்டோபர் 7 அன்று தொடங்கப்பட்ட தொண்டு நிறுவனம் ஆகும். மருத்துவர் டி. எஸ். சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. இராமச்சந்திரனும் இதனை நிறுவினர். அக்காலத்தில் திண்டுக்கல் பகுதி மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1985இல்தான் அது தனி மாவட்டம் ஆயிற்று. ஒரு பெண் பெற்ற பட்டம் எழுத்தறியாத பல பெண்களுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதை அறிய, இந்நிறுவனத்தின் தோற்ற வரலாறு உதவுகிறது.

பின்னணி

உயர்கல்வி பெற்ற பெண்கள் ஒன்றுகூடிச் சமூகப் பணி செய்யும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாடுகளில் பரவியது. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவியர் 1908இல் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்னும் சகோதரியர் சங்கத்தைத் தொடங்கினர். 1913இல் டெல்டா சிக்மா தீட்டா என்ற சங்கம் அங்கேயே தோன்றியது. கல்லூரியை விட்டு வெளியேறிய பிறகும் உறுப்பினர்கள் தத்தம் ஊர்களில் பட்டதாரிகள் கிளைகளை அமைத்துத் தொண்டு செய்தனர்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சென்னையிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன. குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கி, இளம் விதவையரின் கல்விக்கு வழி செய்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, பின்னர் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவாயிற்று.

மதுரைச் சீமையின் நிலை வேறு. மதுரை நகரில் பெண்களுக்கென முதல் கல்லூரியாக லேடி டோக் கல்லூரி அமைந்தது 1948இல்தான். அதற்கு முன் உயர்கல்வி விரும்பிய பெண்கள் பெரும்பாலும் வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. பெண் மருத்துவர்களோ மிக அரிது.

சௌந்தரத்தின் கல்வி

சௌந்தரம் 1904 ஆகஸ்ட் 18 அன்று பிறந்தார். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த மதுரை தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் இவர். அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. மருத்துவரான கணவர் சௌந்தரராஜன் பிளேக் நோய்க்குப் பலியானார். மனைவியின் படிப்பை ஊக்குவித்து வந்தவர் அவர்.

கணவரை இழந்த பெண் வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கியிருக்க வேண்டும் என்று சமூகம் எதிர்பார்த்த காலம் அது. சௌந்தரமோ பெற்றோரின் ஆதரவுடன் தில்லி சென்று, லேடி ஹார்டிங்கு மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1936இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. தில்லியில் சுசீலா நய்யாரின் நட்பு கிடைத்தது. அந்த நட்பே காந்தியடிகளின் அறிமுகத்துக்கும் வழி திறந்தது. 1940இல் காந்தியடிகளின் ஆசியுடன் இராமச்சந்திரனை மணந்தார். வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்தோரின் திருமணமாகவும் கைம்பெண் மறுமணமாகவும் அது அமைந்தது.

கஸ்தூரிபா அறக்கட்டளை

1944 பிப்ரவரி 22 அன்று, புனே ஆகாகான் மாளிகைச் சிறைவாசத்தின்போது கஸ்தூரிபா காந்தி காலமானார். அவர் நினைவாக நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. அந்நிதி சிற்றூர்ப் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்கே செலவிடப்பட வேண்டும் என்பதும், பணியைப் பெண்களே நடத்த வேண்டும் என்பதும் காந்தியடிகளின் விருப்பம். இந்த அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பைச் சௌந்தரம் ஏற்றார்.

பிரசவம் பார்த்தல், குழந்தை வளர்ப்பு, சுகாதாரம், நூற்பு, எழுத்தறிவு ஆகியவற்றில் பெண்களுக்குப் பயிற்சி தந்து, அவர்களைக் கிராம சேவிகைகளாக ஊர்களுக்கு அனுப்புவதே அறக்கட்டளையின் நடைமுறை. ஒரு மருத்துவர் ஒரு பொழுதில் ஓர் ஊருக்குத்தான் செல்ல முடியும். பயிற்சி பெற்ற பத்துப் பெண்களோ பத்து ஊர்களில் தங்கிப் பணியாற்ற முடியும். கணவரை இழந்தோரும் கைவிடப்பட்டோரும் இத்தகைய பயிற்சியால் சொந்த உழைப்பில் வாழ வழி பெற்றனர். நேற்றுவரை பிறர் தயவில் இருந்தவர், ஊரார் தேடி வரும் ஆளாக மாறினார்.

காந்திகிராமத்தின் வளர்ச்சி

சிறுமலையை ஒட்டிய சமவெளியில் அமைந்த சின்னாளப்பட்டி, நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே சிறிய அளவில் தாய்–சேய் நல மருத்துவமாகத் தொடங்கிய பணி, பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. பெண்களுக்கான பயிற்சி இல்லம், ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம், பள்ளிகள், கைத்தொழிற்கூடங்கள் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்பட்டன. 1956இல் உருவான கிராமிய உயர்கல்வி நிறுவனம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

சௌந்தரம் 1952இலும் 1957இலும் சட்டமன்றத்துக்கும், 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். 1962இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1984 அக்டோபர் 21 அன்று மறைந்தார். 2005இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

மதிப்பீடு

மேலே கண்ட அமெரிக்கச் சங்கங்களில் கல்லூரிக் கல்வியே உறுப்பினராவதற்கான வாயில். பட்டதாரிகளே ஒருவருக்கொருவர் துணை நின்று, அந்தப் பலத்தைக் கொண்டு ஊருக்கு உழைத்தனர். இனப் பாகுபாடு நிலவிய நாட்டில் அத்தகைய ஒற்றுமை தேவையாக இருந்தது. மதுரைச் சமவெளியில் பட்டதாரிப் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அவர்கள் மட்டும் கூடியிருந்தால் ஓர் ஊரின் தேவையைக்கூட நிறைவு செய்திருக்க இயலாது. எனவே சௌந்தரம் தம் படிப்பைப் படியாதவர்களிடம் பகிர்ந்தார்.

இப்பணிக்குச் செல்வக் குடும்பத்தின் ஆதரவும் காந்தியடிகளின் துணையும் அவருக்கு உதவின என்பது உண்மை. ஆயினும் அதே வசதிகளுடன் நகரத்தில் மருத்துவத் தொழில் நடத்தி அவர் நிறைவாக வாழ்ந்திருக்கலாம். சிற்றூரைத் தேர்ந்தது அவருடைய முடிவு. அந்த முடிவினால்தான், தில்லியில் ஒரு பெண் பெற்ற பட்டம் சின்னாளப்பட்டித் தாய்மார்களுக்கும் உரியதாயிற்று.