வீட்டுக்குள் குழாய் ஒலிபெருக்கி

பழைய கிராமபோனுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. எஃகு ஊசி இசைத்தட்டின் பள்ளத்தில் ஓட, அந்த அதிர்வு சவுண்ட் பாக்ஸிலிருந்த மைக்கா சவ்வை அசைக்கும். அந்தச் சிறு அசைவைக் கூடம் முழுக்கக் கேட்கவைத்தது விரிந்த தகரக் குழாய்தான். 1902 இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தபோது, அவர் பாடியதும் ஒரு குழாயின் வாய்க்குள்தான். பாடுமிடம், கேட்குமிடம் இரண்டிலும் குழாயே நின்ற காலம் அது.

சவ்வு கனமானது, காற்று இலேசானது. வெறுமனே அசையும் சவ்வு தன் ஆற்றலில் பெரும்பகுதியை வீணடித்துவிடும். குழாயின் குறுகிய தொண்டை சவ்வுக்கு எதிரே காற்றை அழுத்தி நிறுத்துகிறது. பிறகு படிப்படியாக விரிந்து அதை அறைக் காற்றோடு சேர்க்கிறது. சாதாரண ஒலிபெருக்கி வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே ஒலியாகும். நல்ல குழாயில் பத்துப் பங்குக்கு மேல் கிடைக்கும்.

ஆனால் குழாய் இடத்தை அடைத்தது. 1906 இல் வந்த விக்ட்ரோலா கிராமபோன் அதை மரப்பெட்டிக்குள் ஒளித்துவைத்தது. 1925 இல் பொறியாளர்கள் ரைஸும் கெல்லாக்கும் காகிதச் சவ்வு ஒலிபெருக்கியை வெளியிட்டார்கள். வால்வு ஆம்ப்ளிஃபயர் வலுவைத் தர, சிறிய பெட்டியே போதும் என்றாயிற்று. திருவனந்தபுரத்தில் 1943 மார்ச் 12 அன்று வானொலி தொடங்கியபோது வீட்டு ரேடியோக்களில் இருந்தது காகிதச் சவ்வுதான்.

குழாய் தெருவுக்குப் போனது. தமிழ்நாட்டில் மைக் செட்காரர்கள் கம்பத்திலும் தென்னையிலும் கட்டிய குழாயும், கேரளத்தார் கோளாம்பி என்று அழைக்கும் அதே குழாயும் கோயில் கொடை, கல்யாணம், தேர்தல் என்று எங்கும் ஒலித்தன. 2005 இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடையை உறுதிசெய்தது. குழாய் என்றாலே கீச்சென்று காதைக் குடைவது என்ற எண்ணம் இந்தத் திருவிழாக் குழாயால் வந்தது. அந்த எண்ணம் நியாயமானதன்று. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். அதை முறையாக வெளியே விட குழாயின் வாய் 2 மீட்டருக்கு மேல் அகலமாக வேண்டும். அரை மீட்டர் வாயில் தவிலின் கனத்த தொப்பி ஒலி வருமா? பேச்சு தொலைவுக்குக் கேட்கவே செய்யப்பட்ட கருவி அது.

வீட்டுக்கு அதை மீட்டவர் அமெரிக்கரான பால் கிளிப்ஷ். 1946 இல் ஆர்கன்சாஸின் ஹோப் ஊரில் நிறுவனம் தொடங்கிய அவர், கனத்த ஒலிக்கான குழாயை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியை அறை மூலையில் நிறுத்தினால் இரண்டு சுவரும் குழாயின் நீட்சியாகிவிடும். சாதாரணப் பெட்டி 30 வாட் கேட்குமிடத்தில் இதற்கு ஒரு வாட் போதும். சவ்வு அதிகம் அசையாததால் ஒலிச்சிதைவு குறைவு. மிருதங்கத்தின் திடீர் அடி திணறாமல் எழுகிறது.

குறைகளும் இந்தக் குணங்களோடு ஒட்டியே வருகின்றன. மின்சாரத்துக்கு இத்தனை உணர்வுள்ள கருவி, ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலையும் ஹம்மையும் விடாமல் காட்டிக்கொடுக்கும். வளைவு சரியில்லாத குழாயில் பாடகர் கையைக் குவித்துப் பாடுவதுபோல் தோன்றும். உச்ச ஒலி நேரே பாய்வதால் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குப் பாட்டு மங்கும். கேரளத்தின் பொன்முடி அடிவாரக் கல்லாறு போன்ற மழையூர்களில் சாதாரண ப்ளைவுட் பலகை ஈரத்தில் உப்பிவிடக்கூடும். ஸ்டீரியோவுக்கு வேண்டிய, கதவோ ஜன்னலோ இல்லாத இரண்டு மூலைகள் நம் வீட்டுக் கூடங்களில் அரிது. அவை கிடைத்தாலும், கனத்த ஒலிக்கும் உச்ச ஒலிக்குமான வெவ்வேறு குழாய்களின் ஒலி ஒன்றாகக் கலக்கச் சில மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் அதற்கு வழியில்லை.