நிரல் நடையும் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தமும்

எங்கள் குழுவின் தமிழ் உருபனியல் பகுப்பியை மூன்று தலைமுறை ஆய்வாளர்கள் எழுதி வந்துள்ளனர். சென்ற மாதம் அதில் ஒரு பிழையைத் தேடி நான்கு நாள்களைச் செலவிட்டேன். ழகரத்தை ரோமன் எழுத்தில் குறிக்க ஒருவர் ‘இசட் எச்’ என்றும், இன்னொருவர் ‘இசட்’ என்றும் எழுதியிருந்தனர். மூன்றாமவர் வெறும் ‘எல்’ இட்டிருந்தார். அவருடைய கோப்பில் கலி, களி, கழி மூன்றும் ஒரே சாவியாகி, ஒன்றின்மேல் ஒன்று அழிந்து போயிருந்தன.

இச்சிக்கல் நமக்குப் புதிதன்று. 1913இல் சாண்ட்லர் பாதிரியார் தலைமையில் பணி தொடங்கி, வையாபுரிப்பிள்ளை காலத்தில் 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்ற தமிழ்ப் பேரகராதியும் பலர் கைபட்ட கூட்டுப்பணியே. அது ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கு வரையறுத்த ஒலிபெயர்ப்பையே இன்றும் ஆய்வேடுகளில் பின்பற்றுகிறோம். ழகரத்துக்கு அடிக்கோடிட்ட எல்தான் வேண்டுமென்று மொழியியல் கட்டாயம் ஏதுமில்லை. எல்லாரும் அதையே எழுதினர் என்பதே அதன் வலிமை.

நிரலாளர்கள் இதே முடிவுக்குச் சண்டையிட்டே வந்து சேர்ந்தனர். 1974இல் கெர்னிகனும் பிளாகரும் நிரல் நடைக்கெனத் தனி நூலே எழுதினர். லினக்ஸ் கருநிரலுக்கு நடை விதி வகுத்த டோர்வால்ட்ஸ், குனு திட்டத்தின் விதிகளை அச்சிட்டு, படிக்காமலே கொளுத்துமாறு தொடக்கத்திலேயே பரிந்துரைத்தார். (தமிழ்ப் பதிப்புலகச் சண்டைகளை அறிந்தவர்களுக்கு இது மென்மையாகவே தோன்றும்.) பைத்தான் மொழியின் 2001ஆம் ஆண்டு நடைக்கையேடு நிதானமானது: பொதுவிதியோடு ஒத்திருப்பதைவிடத் திட்டத்துக்குள் ஒத்திருப்பது முக்கியம், ஒரே கூறுக்குள் ஒத்திருப்பது அதனினும் முக்கியம் என்கிறது. 2009இல் வெளியான கோ மொழியோ, நிரலைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவியை உடன் தந்து விவாதத்தையே முடித்துவைத்தது.

பைத்தான் 3 வந்ததுமுதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். ஆயினும் 1990களில் மைசூரின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்குக்கும் தரவகங்கள் உருவானதைப் போலவே, எங்கள் குழுவிலும் இம்மொழிகளின் ஆய்வாளர்கள் அருகருகே அமர்கின்றனர். கன்னடத் தோழிக்கும் நிரல் விளங்க வேண்டுமெனில் பெயர்கள் ரோமன் எழுத்தில்தான் இருந்தாக வேண்டும். எனக்கு இதில் சிறு வருத்தம் உண்டு.

எஞ்சிய கேள்வி, பழைய நிரலை என்ன செய்வது என்பது. தொடும் வரிகளை மட்டும் மாற்றலாம் என்றனர் சிலர். 1978இல் தமிழ்நாடு அரசு ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியபோது நடந்தது அதுதான். பெரியார் 1935இலேயே குடி அரசில் கையாண்ட வடிவங்கள் புதிய நூல்களுக்கு வந்தன. பழைய நூல்கள் பழைய வடிவிலேயே நின்றன. படிப்பவரின் கண் இரண்டுக்கும் பழகிக்கொண்டது. எழுத்துணரிக்கோ இன்றளவும் இரண்டையும் கற்பிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, ஒரே நாளில் அனைத்தையும் மாற்றுவதே சரி என வாதிட்டேன், குழுவும் ஏற்றது.

அதன் விலை எனக்குப் பிறகுதான் உறைத்தது. எந்த வரியை எவர் எழுதினார் என்று காட்டும் கிட்டின் ‘பிளேம்’ கட்டளை, மாற்றத்துக்குப்பின் எல்லா வரிகளுக்கும் என் பெயரையே காட்டியது. புள்ளியில்லா ஏடுகளுக்குப் புள்ளியிட்டு அச்சேற்றியவர் உ.வே.சா. எனினும், 1894ஆம் ஆண்டுப் புறநானூற்றுப் பதிப்பில் பிரதிபேதங்களையும் உடன் தந்தார். நான் பாடத்தைத் திருத்தி ஏட்டைத் தொலைத்தவனாக நின்றேன்.

நல்வாய்ப்பாக, 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல் அதற்கு முன்னிருந்தவரைக் காட்டச் சொல்லலாம். வடிவ மாற்றங்களின் அடையாள எண்களை ஒரு கோப்பில் பட்டியலிட்டோம். வடிவத்தை மாற்றும் பதிவில் பொருளை மாற்றக்கூடாது என்பதே இப்போது எங்கள் விதிகளில் முதலாவது. மறுநாள் மீண்டும் பார்த்தேன். சந்தி பிரிக்கும் அந்த நுட்பமான வரிகளுக்கு நேரே, நான் ஒருமுறையும் சந்தித்திராத மூத்த ஆய்வாளர் ஒருவரின் பெயர் இருந்தது.