வாகன அகல வரம்பு: ஓசூர் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை

பொதுச் சாலையில் ஓடும் மோட்டார் வாகனம் எவ்வளவு அகலம் வரை இருக்கலாம் என்று சட்டம் வகுத்துள்ள உச்ச அளவே வாகன அகல வரம்பு. இந்தியாவில் லாரிக்கும் பேருந்துக்கும் இது 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடிக்குச் சற்றே கூடுதல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அளித்த அதிகாரத்தின்படி இயற்றப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 93ஆம் விதி இந்த அளவைச் சொல்கிறது. மத்திய விதி என்பதால் ஓசூரை அடுத்த ஜூஜூவாடியிலும் கர்நாடக எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலும் அளவு ஒன்றுதான். எல்லையைத் தாண்டும்போது வரியும் பர்மிட்டும் மாறலாம், அகலம் மாறாது.

வண்டியின் இருபுறமும் அதிகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளுக்கு இடையே நேர்குறுக்காக அளப்பதே சட்டம் கருதும் அகலம். பின்புறம் பார்க்கும் பக்கக் கண்ணாடி இந்தக் கணக்கில் சேராது. குறுகிய பாலத்தில் எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கும் ஓட்டுநரைக் கேட்டால் கண்ணாடியும் அகலம்தான் என்பார். உரசலில் முதலில் உடைவது அதுதானே.

2.6 மீட்டர் என்ற அளவு சாலையோடு சேர்ந்தே பொருள்படும். இந்தியச் சாலைப் பேரவையின் தரப்படி பல தடச் சாலையில் ஒரு தடம் 3.5 மீட்டர். முழு அகல லாரி தடத்தின் நடுவே ஓடினால் பக்கத்துக்கு 45 சென்டிமீட்டர்தான் மிச்சம், ஒரு முழம். சுங்கச்சாவடியில் கணக்கு இன்னும் இறுக்கம்: வழக்கமான பாதை 3.2 மீட்டர், அளவு மீறிய வண்டிகளுக்கென்று ஓரத்தில் 4.5 மீட்டர் பாதை ஒன்று விடப்படுகிறது. 2020 ஜூனில் 93ஆம் விதி திருத்தப்பட்டபோது சரக்கு வாகனங்களின் உயரம் 3.8 மீட்டரிலிருந்து 4 மீட்டர் ஆனது. சில வகை வண்டிகளுக்கு நீளமும் கூடியது. அகலம் மட்டும் 2.6 மீட்டராகவே நின்றது. நீளத்தையும் உயரத்தையும் ஓரளவு கூட்டிக்கொள்ளலாம்; அகலத்தைக் கூட்டினால் பக்கத்துத் தடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பிற நாடுகளின் அளவும் ஏறத்தாழ இதே. அமெரிக்கா 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் 102 அங்குலத்தை ஏற்றது, அது 2.59 மீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2.55 மீட்டர், குளிரூட்டிய வண்டிகளுக்கு மட்டும், சுவர் தடிப்பாக இருப்பதால், 2.60 மீட்டர். உலகெங்கும் கப்பலேறும் கன்டெய்னரின் அகலம் எட்டு அடி என்பதால், அதைச் சுமக்கும் வண்டிகள் எந்த நாட்டிலும் இந்த அளவிலிருந்து பெரிதும் விலக முடிவதில்லை.

ஓசூர் வட்டாரத்தில் இந்த விதி அன்றாட விஷயம். 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட்டின் தொழிற்பேட்டை, அசோக் லேலண்ட், டிவிஎஸ் ஆலைகள், சூளகிரி, போச்சம்பள்ளி வரை பரவிவிட்ட புதிய ஆலைகள், கிருஷ்ணகிரியின் கிரானைட் குவாரிகள், மாம்பழக்கூழ் ஆலைகள் என எல்லாவற்றின் சரக்கும் பழைய என்.எச். 7ஆன இன்றைய தேசிய நெடுஞ்சாலை 44இல்தான் ஏறுகிறது. சென்னையிலிருந்து வரும் 48ஆம் எண் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் இதோடு கலந்து பெங்களூரு வரை ஒன்றாகவே போகிறது. கிரானைட் பாளத்தில் சிக்கல் எடை. பாளம் பாடிக்குள் அடங்கிவிடும். அகலத்தை மீறுவது பெரும்பாலும் எடையே இல்லாத சரக்கு. வைக்கோல் லாரி இதற்கு நல்ல உதாரணம்: வண்டி விதிக்குள் இருக்கும், சுமை இருபுறமும் பிதுங்கி முழு ஆளுயரத்துக்கு மேலே தொங்கும், பின்னால் வருபவருக்குச் சாலையே தெரியாது.

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 194(1ஏ) பிரிவு இதற்கானது. சுமை பக்கவாட்டிலோ, முன்னும் பின்னுமோ, உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டினால் அபராதம் 20,000 ரூபாய். இறக்கும் கூலியும் வண்டிக்காரர் தலையில். சுமையைச் சரிசெய்யும் வரை வண்டி நகரக் கூடாது. முன்னனுமதி பெற்ற குறிப்பிட்ட சுமைக்கு மட்டும் விலக்கு உண்டு. மின்மாற்றி, கொதிகலன் போலப் பிரித்து ஏற்ற முடியாதவை அப்படிப் போகின்றன. சாலையில் இவற்றுக்கு ‘ஓடிசி லோடு’ என்று பெயர். கட்டுமான இயந்திரங்களுக்குத் தனி அளவு: ஓடும் நிலையில் 3 மீட்டர் வரை போகலாம், 2.6 மீட்டருக்கு மேற்பட்ட பகுதியில் மஞ்சள், கறுப்புப் பட்டைகள் தீட்டியிருக்க வேண்டும், இரவில் சிவப்பு விளக்கு வேண்டும்.

இந்தச் சாலை கண்ட ஓடிசி லோடுகளில் ஊரே நினைவில் வைத்திருப்பது கோதண்டராமர் சிலை. திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய ஒற்றைக்கல். போக வேண்டிய இடம் பெங்களூரு ஈஜிபுரா. செய்தித்தாள்கள் எழுதிய கணக்கில் நீளம் 64 அடி, அகலம் 26 அடி, எடை 300 டன்னுக்கு மேல். 26 அடி என்பது ஏறக்குறைய 8 மீட்டர். அதாவது சட்ட வரம்பைப் போல மூன்று மடங்கு, இரண்டு தடங்களைச் சேர்த்தாலும் போதாது. 240 சக்கர டிரெய்லரில் 2018 டிசம்பரில் கிளம்பியது. வழியில் சில ஊர்களில் கடை, வீடுகளின் முன்பகுதிகளை இடித்தே இடம் விட்டார்கள். கிருஷ்ணகிரிக்கு மேல் ஆறுவழிச் சாலை கிடைத்ததும் அகலம் பின்னுக்குப் போய், பாலங்களின் தாங்குதிறன் முன்னே வந்தது. பாலத்தின் மேல் ஏற்ற முடியாததால் குருபரப்பள்ளி அருகே மார்க்கண்டேய நதியிலும், பேரண்டப்பள்ளியில் தென்பெண்ணையிலும் பாலத்தை ஒட்டித் தற்காலிக மண்சாலை போட வேண்டியிருந்தது. வண்டி வாரக்கணக்கில் நின்ற இடங்களில் ஜனங்கள் தேங்காய் உடைத்துக் கும்பிட்டார்கள். சாதாரண லாரி ஒரே நாளில் கடந்துவிடும் தூரத்துக்கு ஏறத்தாழ ஆறு மாதம் எடுத்துக்கொண்டு, 2019 ஜூன் தொடக்கத்தில் அத்திப்பள்ளி வழியாகக் கர்நாடகத்துக்குள் போனது.