ஏல முகவரும் ஏல விதியும்

இணையவழி ஏலங்களில் மென்பொருள் முகவர் தீர்மானிக்கின்றது எனக் கூறப்படும்போது, அத்தீர்மானம் உண்மையில் யாருடையது என்னும் வினாவை நாம் வரலாற்று அடிப்படையில் எழுப்புதல் வேண்டும்.

1995இல் அமெரிக்காவில் தோன்றிய ஈபே நிறுவனத்தில், வாங்குவோர் தமது உச்ச விலையை முகவரிடம் இரகசியமாக ஒப்படைப்பர். போட்டியாளரை விஞ்சுதற்கு வேண்டிய அளவே அது விலையை உயர்த்தும். ஒருவரது உச்சம் 100 டொலர், மற்றவரது உச்சம் 80 டொலர், உயர்வுப்படி 1 டொலர் எனின், முன்னவர் 81 டொலருக்கே பொருளைப் பெறுவார். இம்முறை கணினியோடு பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அஞ்சல்தலை வணிகர் கடிதமூல ஏலங்களில் இதனையொத்த விதியைக் கையாண்டனர். 1961இல் வில்லியம் விக்றி அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார்: இரண்டாம் விலையே செலுத்தப்படுமாயின், பொருள் தமக்கு எவ்வளவு பெறுமதியென அறிந்தவர் அதனை மறையாது கூறுதலே உகந்தது.

ஆயினும் நடைமுறை வேறாயிற்று. ஈபே ஏலம் குறித்த கணத்தில் முடிவுற்றமையால், இறுதி விநாடிகளில் விலை கேட்கும் பிறிதொரு வகை மென்பொருள் தோன்றிற்று. அமேசன் அன்று நடத்திய ஏலங்களிலோ, இறுதி 10 நிமிடங்களில் எவரேனும் விலை கேட்பின் காலம் நீடிக்கப்பட்டது. அங்கு இறுதிநேரக் கேள்விகள் குறைவாயிருந்தமையை அல்வின் றொத், அக்செல் ஒக்கென்பெல்ஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு புலப்படுத்திற்று.

எனவே முகவரின் ‘அறிவு’ எனப்படுவது சந்தை விதியின் பிரதிபலிப்பே. அவ்விதியை வகுப்பவர், ஒவ்வொரு விற்பனையிலும் பங்கு பெறும் சந்தை உடைமையாளர். வாங்குவோரின் இரகசியத்தை ஏந்தி நிற்கும் முகவரும் அவருடையதே. இயந்திரத்தை வியந்து நில்லாது, இவ்வுடைமை உறவை ஆராய்தலே நமது கடன்.